கேஸ் ஷீட் யாருக்காக?

2013 ஜூலை மாதம். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வயதுப் பையன் ஒருவன் அனுமதிக்கப்பட்டிருந்தான். அரிய மரபணுக் கோளாறு உள்ளவன். தொற்று அண்டாமல் இருக்க நெடுநாளாக ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டு வந்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதை மருத்துவமனைக் கணினியில் பதிவது ஒரு பயிற்சி மருத்துவரின் வேலை.

பையனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக் கணக்கில்தான் மருந்து எழுத வேண்டும் என்பது அங்கே விதி. மருத்துவர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று போட்டார். கணினி பெருக்கிப் பார்த்து 193 மில்லிகிராம் என்றது. கிடைக்கும் மாத்திரையோ 160 மில்லிகிராம். அளவு ஒத்துவரவில்லை, 160 என்று மாற்றிப் போடுங்கள் என்று மருந்தாளுநர் செய்தி அனுப்பினார். மருத்துவர் மறுபடியும் திரையைத் திறந்து 160 என்று தட்டினார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அலகு மி.கி. அல்ல, ஒரு கிலோவுக்கு இத்தனை மி.கி. என்பது. கணினி 160-ஐ 38.6-ஆல் பெருக்கியது. ஒரு மாத்திரை, முப்பத்தெட்டரை மாத்திரை ஆகிவிட்டது.

எச்சரிக்கை வராமல் இல்லை. வந்தது. மருத்துவர் அதை மூடிவிட்டார். மருந்தாளுநரும் மூடிவிட்டார். கொஞ்சம் கூடுதலான அளவுக்கு வரும் எச்சரிக்கை எப்படி இருக்குமோ, முப்பத்தெட்டு மடங்கு அளவுக்கு வந்ததும் அதே மாதிரிதான் இருந்தது. அன்று காலையிலிருந்து அப்படிப்பட்டவை எத்தனையோ வந்து போயிருந்தன. பிறகு மருந்து எடுத்துக் கட்டும் இயந்திரக் கை ஒழுங்காகக் கட்டி அனுப்பியது. இரவுப் பணியில் இருந்த செவிலியருக்குச் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு பொட்டலத்தின் பட்டைக் குறியையும் ஸ்கேன் செய்தார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று திரை சொன்னது. பையன் அத்தனையையும் விழுங்கினான். சில மணி நேரம் கழித்து வலிப்பு வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

அதே மருத்துவமனையின் பேராசிரியர் ராபர்ட் வாக்டர் இதை மூடி மறைக்காமல் பின்னர் முழுமையாக வெளியிட்டார். அதனால்தான் இவ்வளவு விவரமாக நமக்குத் தெரிகிறது. இதில் யாரும் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவரும் திரை கேட்டதைச் செய்தார்கள். கண்ணுக்கு முன்னால் மெலிந்த பையன் படுத்திருக்க, திரையை நம்பும்படி நல்ல செவிலியர் ஒருவரைப் பழக்கிவைத்திருந்தது ஓர் அமைப்பு. மின்னணு மருத்துவப் பதிவு என்றாலே மருத்துவர்கள் ஏன் கொதிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேறு. மருத்துவர்களுக்குக் கணினி பிடிக்காது, பழகிய பேனாவை விட மனசில்லை, தலைமுறை மாறினால் சரியாகிவிடும் என்பார்கள். இது தவறு. அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்காக ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013-இல் ஆறு மாநிலங்களில் 30 மருத்துவக் குழுமங்களை ஆராய்ந்தது. மருத்துவர்களின் மனநிறைவைக் குலைப்பதில் இந்தப் பதிவேட்டு மென்பொருள் முக்கியமானது என்று தெரிந்தது. ஆனால் காகிதத்துக்கே திரும்பிவிடலாம் என்றவர்கள் மிகச் சிலர். வீட்டிலிருந்தபடியே ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது, காணாமல் போகாத எக்ஸ்ரே, படிக்க முடிகிற கையெழுத்து, இவற்றையெல்லாம் யார் வேண்டாம் என்பார்கள்? அவர்களுடைய குறை துல்லியமானது. இந்தப் பதிவேடு நோயாளிக்காகவும் இல்லை, எங்களுக்காகவும் இல்லை, வேறு யாருக்காகவோ நாங்கள் உட்கார்ந்து நிரப்புகிறோம் என்பதுதான் அது.

நேரக் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 57 மருத்துவர்களின் பக்கத்திலேயே ஆட்கள் நின்று கடிகாரத்தோடு கவனித்தார்கள். மருத்துவமனை நேரத்தில் நோயாளியோடு நேருக்கு நேர் செலவானது 27 சதவீதம். பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும் போனது 49 சதவீதம். நோயாளி எதிரே இருக்கும் அறைக்குள்ளேயேகூட 37 சதவீத நேரம் பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும்தான். அடுத்த ஆண்டு விஸ்கான்சினில் 142 குடும்ப மருத்துவர்களின் லாகின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பதினொன்றரை மணி நேர வேலை நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் பதிவேட்டில் கழிந்தது. அதில் ஒன்றரை மணி நேரம் பணி நேரத்துக்கு வெளியே. இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கும் அந்த நேரத்துக்கு அமெரிக்க மருத்துவர்கள் ‘பைஜாமா டைம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவர் பத்து மணி நேரப் பணியில் ஏறத்தாழ 4,000 முறை கிளிக் செய்கிறார் என்று 2013-இல் வந்த இன்னொரு கணக்கு சொல்கிறது.

எண்களைவிட என்னை அதிகம் உறுத்தியது ஒரு படம். ஏழு வயதுச் சிறுமி மருத்துவரிடம் போய்வந்த பிறகு கிரேயானால் வரைந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 2012-இல் அதை வெளியிட்டது. பரிசோதனை மேசையில் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அக்கா, குழந்தையை மடியில் வைத்தபடி அம்மா. மருத்துவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கணினியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். குழந்தை குறை சொல்லவில்லை. பார்த்ததை வரைந்தாள்.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர், நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் கணிப்பு, அடுத்த திட்டம் என்று எழுத வேண்டும் என்றார். மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் நோட் அமைப்பு அவருடையதுதான். எழுதும்போதே மருத்துவரின் சிந்தனை தெளிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதைக் கணினியில் ஏற்றவும் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் அவரே முயன்றார். 1970-களில் இண்டியானாவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் கிளெமென்ட் மெக்டொனால்டு மருத்துவருக்கு நினைவூட்டும் பதிவேட்டைக் கட்டினார். அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் நிரல் எழுதுபவர்களும் மருத்துவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு அமைப்பையே உருவாக்கினார்கள். அழகு குறைவாக இருக்கலாம். பயன்படுத்துபவன் கேட்டதைத்தான் அது செய்தது.

திருப்பம் 2009-இல் வந்தது. பொருளாதாரச் சரிவிலிருந்து மீள ஒபாமா அரசு கொண்டுவந்த சட்டத்துக்குள், ஹைடெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பகுதி இருந்தது. பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஊக்கத்தொகையாக சுமார் 2,700 கோடி டாலர் ஒதுக்கப்படும் என்று அப்போது கணக்கிட்டார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் வழியாக ஒரு மருத்துவருக்கு 44,000 டாலர் வரை கிடைக்கும். மாறாதவர்களுக்கு 2015 முதல் கட்டணத்தில் பிடித்தம். ஊக்கத்தொகை வேண்டுமென்றால் மென்பொருள் வாங்கினால் போதாது. ‘பொருளுள்ள பயன்பாடு’ என்ற பெயரில் அரசு போட்ட பட்டியலில் உள்ளவற்றைச் செய்ததாகக் காட்டவும் வேண்டும்.

பலன் உடனே தெரிந்தது. 2008-இல் அடிப்படை மின்னணுப் பதிவேடு வைத்திருந்த மருத்துவமனைகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. 2015-இல் 84 சதவீதம். இவ்வளவு பெரிய துறை இவ்வளவு சீக்கிரம் மாறியது ஒரு சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அவசரத்தில் என்ன வாங்கப்பட்டது? கடையில் அப்போது இருந்தவை பெரும்பாலும் பில் போடுவதையும் முன்பதிவையும் மையமாக வைத்து வளர்ந்த மென்பொருள்கள். வாங்கியவர் மருத்துவமனை நிர்வாகி. பயன்படுத்துபவர் மருத்துவர். பிடிக்காவிட்டால் மருத்துவர் வேறு மென்பொருளுக்குப் போக முடியாது, வேலையைத்தான் விட முடியும். வாங்குபவரும் பயன்படுத்துபவரும் வேறு வேறாக இருக்கும் சந்தையில், பயன்படுத்துபவரின் எரிச்சல் விற்பவரின் காதுக்குப் போய்ச் சேர வெகுகாலம் ஆகும். ஊக்கத்தொகைக்கு மென்பொருளுக்குத் தேவைப்பட்ட தரச் சான்றைப் பெறவே பொய்த் தகவல் தந்ததாக எழுந்த குற்றச்சாட்டில் ஈகிளினிக்கல்வொர்க்ஸ் என்ற பதிவேட்டு மென்பொருள் நிறுவனம் 2017-இல் 15.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சான்று இருந்தால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையின் நிலைமை அது.

மென்பொருளை மட்டும் திட்டினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதி பணம் கொடுக்கும் விதிகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் மருத்துவர் ஒரு சந்திப்புக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதை 1995, 1997 ஆண்டுகளின் வழிகாட்டு நெறிகள் தீர்மானித்தன. எத்தனை உறுப்பு மண்டலங்களைப் பற்றிக் கேட்டீர்கள், உடலில் எத்தனை இடங்களைப் பரிசோதித்தீர்கள், குடும்ப வரலாறு உண்டா என்று எண்ணிப் பார்த்து, எண்ணிக்கைக்கு ஏற்ப நிலை, நிலைக்கு ஏற்பக் கட்டணம். எழுதாதது நடக்காதது என்பது தணிக்கையாளரின் வேதம். கையால் எழுதிய காலத்தில் எழுதும் களைப்பே இதற்கு ஒரு கடிவாளமாக இருந்தது. கணினி வந்ததும் கடிவாளம் அறுந்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் பத்து மண்டலங்களும் ‘குறையொன்றும் இல்லை’ என்று வந்து விழும். நேற்றைய நோட்டை இன்றைக்கு ஒட்டிக்கொள்ளலாம். ஆய்வக முடிவுகள் முழுவதையும் இழுத்து உள்ளே கொட்டலாம்.

அப்படித்தான் ஆயிற்று. முன்பு சொன்ன அதே சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில், உள்நோயாளிகளின் தினசரி நோட்டுகளை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். மருத்துவர் தாமே தட்டச்சு செய்தது 18 சதவீதம். மற்ற இடத்திலிருந்து எடுத்து ஒட்டியது 46 சதவீதம். மிச்சம் தானாக வந்து சேர்ந்தது. இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் நோயாளியின் சார்ட்டைத் திறக்கும் இளம் மருத்துவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: நேற்று மாலை பார்த்தவர் என்ன நினைத்தார்? அந்த வரி எட்டுப் பக்கங்களுக்குள் எங்கோ புதைந்திருக்கிறது. முதல் நாள் எழுதிய ‘காய்ச்சல் இல்லை’ ஐந்தாவது நாளும் அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது, நோயாளி அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தாலும்.

இந்தக் கட்டுரைக்கு அடிப்படையான சான்று அடுத்தது. 2018-இல் மூன்று மருத்துவர்கள் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். அமெரிக்க மருத்துவர்களின் நோட்டுகள், மற்ற நாட்டு மருத்துவர்கள் எழுதும் நோட்டுகளைவிட சராசரியாக ஏறத்தாழ நான்கு மடங்கு நீளம். ஒப்பிடப்பட்ட எல்லோரும் பயன்படுத்தியது ஒரே நிறுவனத்தின் மென்பொருள். அதே திரை, அதே பொத்தான்கள். நீளத்தைக் கூட்டியது திரைக்குப் பின்னால் காத்திருந்த வாசகர்கள்: காப்பீட்டு நிறுவனம், தணிக்கையாளர், தர அளவுகோல் வைத்திருப்பவர், வழக்கறிஞர். ஒரு காலத்தில் கேஸ் ஷீட்டுக்கு வாசகர் அடுத்து வரும் மருத்துவர் ஒருவர்தான். இப்போது அவர் வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

மென்பொருளுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பயன்படுத்த எவ்வளவு எளிது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் பதிவேட்டுக்குக் கொடுத்தது 45.9 என்று 2019-இல் வெளிவந்தது. அதே அளவுகோலில் கூகுள் தேடல் 93, மைக்ரோவேவ் அடுப்பு 87, எக்ஸெல் 57. அந்த மதிப்பெண் ஒரு புள்ளி கூடும்போது, வேலைச் சுமையால் மருத்துவர் மனம் கருகிப்போகும் (பர்ன்அவுட்) வாய்ப்பு 3 சதவீதம் குறைவாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்று இந்த வகை ஆய்வால் அறுதியிட முடியாது. ஆனால் தினமும் ஆறு மணி நேரம் புழங்கும் கருவிக்கு இந்த மதிப்பெண் என்றால், வேறு எந்தத் தொழிலிலும் அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

எச்சரிக்கைகளுக்குத் திரும்பி வருகிறேன். மருந்து எச்சரிக்கைகளில் பாதி முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006-இலேயே ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அலட்சியத்தால் அல்ல. நூறு முறை ‘புலி’ என்று கத்துபவனை நூற்றோராவது முறை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் எச்சரிக்கையைச் சேர்ப்பவருக்கு அதைச் சேர்க்காமல் விடுவதில்தான் பயம். பின்னால் வழக்கு வந்தால் ‘நாங்கள் சொன்னோம், அவர்தான் மூடினார்’ என்று கையைக் கழுவலாம். பொறுப்பு ஒரு கிளிக்கில் மருத்துவர் தலைக்கு மாறிவிடுகிறது.

இதைவிட மோசமானதும் நடந்தது. 2020 ஜனவரியில் பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற பதிவேட்டு நிறுவனம் அமெரிக்க நீதித் துறையிடம் ஒன்றை ஒப்புக்கொண்டது. ஓபியாய்டு என்ற அபின் வகை வலிமருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றிடமிருந்து ஏறக்குறைய 10 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, அந்த வகை மருந்தை எழுதும் பக்கம் மருத்துவரைத் திருப்பும் அறிவிப்பைத் திரையில் வைத்திருந்தது. 14.5 கோடி டாலர் கட்டித் தீர்க்க வேண்டியதாயிற்று. போதை மருந்துப் பழக்கத்தால் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மருத்துவரின் கண் தவறாமல் விழும் இடம் எது என்று விளம்பரக்காரனுக்கும் தெரிந்துவிட்டது. இதை வாசித்த பிறகும் ‘திரையில் வருவதை அப்படியே நம்புங்கள்’ என்று ஒரு மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

இன்பாக்ஸ் இன்னொரு சுமை. ஒரு மருத்துவருக்கு வாரத்துக்கு சராசரியாக 243 செய்திகள் வருவதாகவும், அதில் 114 மென்பொருள் தானே உண்டாக்கியவை என்றும் 2019-இல் ஓர் ஆய்வு கண்டது. நோயாளி எழுதியவை அல்ல, சக மருத்துவர் எழுதியவையும் அல்ல. கொரோனாவுக்குப் பிறகு நோயாளிகள் அனுப்பும் செய்திகள் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆயின. நோயாளி மருத்துவரிடம் எழுதிக் கேட்க முடிவது நல்லது, அது வேண்டும். ஆனால் அதற்குப் பதில் எழுத நாளில் எந்த நேரமும் ஒதுக்கப்படவில்லை. அதுவும் பைஜாமா நேரத்தில் போய் விழுந்தது.

அமெரிக்காவுக்கு வெளியே என்ன நடந்தது என்பது சுருக்கமாக. பிரிட்டனில் 2002-இல் தொடங்கி மேலிருந்து திணித்த தேசிய கணினித் திட்டம் 2011-இல் கலைக்கப்பட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பகுதி 2016-இல் அமெரிக்க மென்பொருளை வாங்கியது. அதுவரை மருத்துவர்கள் சொல்லச் சொல்ல மருத்துவச் செயலர்கள் தட்டச்சு செய்து வந்தார்கள். புதிய ஏற்பாட்டில் தட்டச்சு மருத்துவர் தலையில் விழுந்தது, கூச்சல் கிளம்பியது. நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் 2022 நவம்பரில் அதே நிறுவனத்தின் அமைப்பு மருத்துவமனைக்கு வந்த பிறகு மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நாடு மாறுகிறது, காப்பீட்டு முறை மாறுகிறது. யாரோ செய்த வேலையைச் சத்தமில்லாமல் மருத்துவருக்கு மாற்றி, அதற்கு நவீனம் என்று பெயர் வைப்பது மட்டும் மாறவில்லை.

விதிகள் கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. 2021 ஜனவரி முதல், வெளிநோயாளிச் சந்திப்புக்கான கட்டணம் உறுப்புகளை எண்ணித் தீர்மானிக்கப்படுவதில்லை. மருத்துவர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது, அல்லது எவ்வளவு நேரம் செலவானது என்பதுதான் கணக்கு. 2023-இல் உள்நோயாளிகளுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. ஆனால் கால் நூற்றாண்டுப் பழக்கம் ஓர் அறிவிப்பில் போய்விடாது. டெம்ப்ளேட்டுகள் அப்படியே இருக்கின்றன. நீளமாக எழுதினால்தான் பாதுகாப்பு என்ற பயமும் அப்படியே இருக்கிறது.

இப்போது எல்லோரும் எதிர்பார்ப்பது, அறையில் நடக்கும் பேச்சைக் கேட்டுத் தானே நோட் எழுதும் செயற்கை நுண்ணறிவை. வடக்குக் கலிஃபோர்னியாவின் பெர்மனென்ட்டே மருத்துவக் குழுமம் 2023 அக்டோபரில் அதைக் கொண்டுவந்தது. பத்து வாரங்களில் 3,400-க்கு மேற்பட்ட மருத்துவர்கள் மூன்று லட்சம் சந்திப்புகளில் அதைப் பயன்படுத்தினார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதே குழுமம் தவறுகளையும் வெளியிட்டது. நோயாளியின் கை, கால், வாயில் இருந்த தனித்தனித் தொந்தரவுகளை மருத்துவர் குறிப்பிட்டார். மென்பொருள் அவற்றைச் சேர்த்து ‘கை-கால்-வாய் நோய்’ என்று எழுதிவிட்டது. இதை ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். எழுதும் சுமை, சரிபார்க்கும் சுமையாக மாறும். அதிலும், எழுதுவது இலவசம் என்று ஆகிவிட்டால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்க யாருக்குமே கூச்சம் இருக்காது. காப்பி-பேஸ்ட் வந்தபோது நடந்தது அதுதான்.

எனக்கு அதிக நம்பிக்கை தந்தது இதைவிடச் சின்ன முயற்சி ஒன்று. 2017 அக்டோபரில் ஹவாய் பசிபிக் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமம் தன் ஊழியர்களிடம் கேட்டது: பதிவேட்டில் அர்த்தமே இல்லாத வேலை எது, சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம். சொன்னார்கள். செவிலியர்கள் மணிக்கொரு முறை நோயாளியைப் போய்ப் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கிளிக் போட வேண்டியிருந்தது. ஒரு முறைக்கு 24 வினாடி. அதை நீக்கியதில் நான்கு மருத்துவமனைகளில் மாதத்துக்குச் சுமார் 1,700 செவிலியர் மணி நேரம் மிஞ்சியது. பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவிலிருந்து வந்த கோரிக்கை வேறு. அங்கே அணையாடை மாற்றும்போதெல்லாம், நோயாளிக்குச் சிறுநீரும் மலமும் அடக்க முடியாத நிலையா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்காக எழுதிய கேள்வி. பிறந்த குழந்தைக்கு எது அடங்கும்? அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, ஒரே கிளிக்கில் முடியும்படி மாற்றிக் கொடுத்தார்கள்.